கயாக்குக்கு நங்கூரம்: எதைச் செய்துகொள்ளலாம், எதை வாங்க வேண்டும்?

கேள்வி: கேளம்பாக்கம் பக்கத்துக் கழிமுகத்தில் கயாக்கில் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறுபடகு) போய்த் தூண்டில் போடுகிறேன். காற்று கொஞ்சம் எழுந்தாலும் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. மடக்கு நங்கூரம் வாங்குவதா, இல்லை பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி 5 கிலோவில் ஒன்று செய்துகொள்வதா?

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், ஆனால் கான்கிரீட் வேண்டாம். தண்ணீருக்குள் போனதும் கான்கிரீட் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். கரையில் நீங்கள் சுமக்கிற 5 கிலோ, அடியில் 3 கிலோதான். இரும்பு எட்டில் ஒரு பங்குதான் இழக்கும். எடையாவது பரவாயில்லை, வழவழப்பான கட்டி மணலில் எதையும் பற்றாது, காற்று இழுத்த பக்கமெல்லாம் கூடவே வரும். கயாக்கை நிறுத்தக் கொக்கியின் பிடிப்பு வேண்டும்.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவார்களே, ஏறக்குறைய அந்த வடிவம்தான். ஒரு அங்குல ஜிஐ பைப்பில் 30 செ.மீ. துண்டு ஒன்று, 8 மி.மீ. கம்பியில் 45 செ.மீ. துண்டுகள் நான்கு எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். நான்கு கம்பியையும் பைப்புக்குள் நுழைத்து, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் 15 செ.மீட்டரை நான்கு திசையிலும் கொக்கியாக வளைத்து, இரண்டு முனையிலும் பற்றவைக்கச் சொல்லுங்கள். மேல் முனையில் ஒரு வளையம், கொக்கிகள் பிரிகிற அடிமுனையில் இன்னொரு வளையம். இரண்டாவது எதற்கு என்று பட்டறையில் கேட்பார்கள், விடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. மொத்தம் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும், ஒரு ஆள் கயாக்குக்குப் போதும். பைப்புக்குள் ஈயம் உருக்கி ஊற்றினால் எடை கூடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஈயப் புகை உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைத்தும் பார்க்கக் கூடாது.

உங்களுடையது காற்றடைக்கும் கயாக் என்றால் மட்டும் கடை நங்கூரமே வாங்குங்கள். மடக்கி உறையில் போட்டுவிட்டால் கொக்கி படகைக் கிழிக்காது.

இதோடு 6 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டர் சேருங்கள். சங்கிலியின் கனம் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கும், அப்போதுதான் கொக்கி மண்ணைக் கிழித்து இறங்கும். வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளபளவென்று மின்னும் சங்கிலியில் துத்தநாகப் பூச்சு மெல்லியது, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருவேறும். மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கயிறு. இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டர் கயிறு விட்டால் இழுப்பு நேர் மேலே போய் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விடுங்கள். தண்ணீர் அசையாமல் கிடக்கும் நாளில் மூன்று மடங்கே போதும். 6 மி.மீ. நைலான் கயிறு 30 மீட்டர் வைத்திருந்தால் கழிமுகத்துக்குத் தாராளம். அதைவிட மெல்லிய கயிறும் கயாக்கைத் தாங்கும், ஆனால் ஈரக் கையை அறுக்கும். காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் வலை, கயிறு விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆன்லைனில் ‘கயாக் ஆங்கர் லைன்’ என்று பெயர் போட்டு விற்பதை வாங்குவதற்கு முன், அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்வி: பார் (நீருக்கடிப் பாறை) உள்ள இடத்தில் போட்டால் நங்கூரம் சிக்கிக்கொள்கிறது. கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது. வழி உண்டா?

பதில்: அந்த அடிவளையம் இதற்குத்தான். சங்கிலியை மேல் வளையத்தில் மாட்டாமல் அடிவளையத்தில் ஷேக்கிள் (திருகாணி போட்டு மூடும் U வடிவ இணைப்பு) போட்டு மாட்டுங்கள். பிறகு சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு ஒரே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். சாதாரண நேரத்தில் இழுப்பு மேல் வளையத்திலிருந்தே வருவதால் நங்கூரம் ஒழுங்காகப் பிடிக்கும். சிக்கிக்கொண்டால், அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் துடுப்புப் போட்டுப் போய் வெட்டி இழுங்கள். கேபிள் டை அறுந்துவிடும், இழுப்பு அடிமுனைக்கு மாறும், நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். புதிதாக ஒரு டை மாட்டினால் மறுபடி தயார். பாறையிலேயே அதிகம் போடுகிறவர்கள் 8 மி.மீட்டருக்குப் பதில் 6 மி.மீ. மழமழ கம்பியில் கொக்கி வையுங்கள். பலமாக இழுத்தால் கொக்கி நிமிர்ந்து விட்டுவிடும், கரையில் வளைத்துக்கொள்ளலாம்.

மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கே எந்த நங்கூரமும் இறங்கக் கூடாது.

கேள்வி: நங்கூரக் கயிற்றை இருக்கைக்குப் பக்கத்தில் கைப்பிடியில் கட்டினால் எடுக்க வசதியாக இருக்கிறது. டிராலி என்று ஒன்று விற்கிறார்களே, அது உண்மையிலேயே தேவையா?

பதில்: தேவை. தயவுசெய்து பக்கவாட்டில் கட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நடுவில் கட்டிய கயாக் நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நிற்கும். தண்ணீர் அதன் முழு நீளத்திலும் மோதும், கயிறு அந்தப் பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்கும். விளிம்பு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் கவிழ்வதற்குச் சில விநாடி போதும். இழுப்பு எப்போதும் அணியத்திலோ பின்முனையிலோதான் விழ வேண்டும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து முனைக்குக் கை எட்டாது என்பதால்தான் டிராலி. முன்முனையில் ஒரு கப்பி, பின்முனையில் ஒரு கப்பி, இரண்டுக்கும் நடுவே சுற்றி ஓடும் 4 மி.மீ. கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு, டிராலிக் கயிற்றை இழுத்தால் வளையம் முனைக்கு ஓடிவிடும். இதை வீட்டிலேயே செய்யலாம், படகில் துளைகூட வேண்டாம். இரண்டு முனையிலும் உள்ள தூக்கும் கைப்பிடிகளில் கப்பியைக் கேரபைனரால் (விசை வைத்துத் திறந்து மூடும் கொக்கி) மாட்டினால் போதும். துளை போடத்தான் வேண்டும் என்றால் முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள். கயாக் உடல் பெரும்பாலும் பாலிஎத்திலீன், சாதாரணப் பசை அதில் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் கேரபைனர். சாவிக்கொத்தில் மாட்டுகிற அலுமினிய வகை இழுப்பில் திறந்துகொள்ளும். துருப்பிடிக்காத எஃகில் 316 என்று பொறித்தது கொஞ்சம் விலை கூடினாலும் உப்பைத் தாங்கும்.

நங்கூரக் கயிற்றின் படகுப் பக்கத்து முனையை முடிச்சுப் போட்டு ஒருபோதும் கட்டிவைக்காதீர்கள். உதறினால் விடுபடும் பல்கிளீட்டில் (கயிற்றைப் பற்களால் கவ்வும் பிடிப்பான்) செருகுங்கள், முனையில் ஒரு மிதவையும் கட்டுங்கள். வலை மிதவையோ, இறுக்கி மூடிய 2 லிட்டர் எண்ணெய் கேனோ போதும். பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடினாலும், விசைப்படகு நேரே வந்தாலும் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவும் கைகூடாத நேரத்துக்கு, லைஃப் ஜாக்கெட்டின் மார்பிலேயே ஒரு கத்தி. முகத்துவாரத்தில் வற்று (ஓதம் இறங்கும்போது கடலை நோக்கிப் போகும் நீரோட்டம்) வேகமாக இழுக்கும்போது நங்கூரமே போடாதீர்கள். எவ்வளவு நல்ல நங்கூரமாக இருந்தாலும் சரி.

கேள்வி: பழவேற்காட்டில் இடுப்பளவு தண்ணீர்தான். அதற்கும் இவ்வளவும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டரை மீட்டர் மூங்கில் கழி ஒன்றைச் சீவிச் சேற்றில் குத்தி, டிராலி வளையத்தோடு ஒரு முழக் கயிற்றில் கட்டிவிடுங்கள். கைநழுவினாலும் மிதக்கும். ஆனால் அங்கே மீனவர்கள் பாடு முறைப்படி முறை வைத்து வலை கட்டுகிறார்கள். வலை நிற்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு விலகிக் குத்துங்கள்.

கேள்வி: ‘6 மி.மீ. நைலான்’ என்று ஆன்லைனில் கயிறு வாங்கினேன். தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. நைலான் மிதக்குமா? திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: மிதக்காது. நைலானும் பாலியஸ்டரும் தண்ணீரைவிடக் கனம், பாலிப்ரொப்பிலீன்தான் மிதக்கும். உறுதிசெய்ய ஒரு சாண் வெட்டி, வாளித் தண்ணீருக்குள் பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். அப்படியும் மேலே வந்தால் உங்களுக்கு வந்தது வேறு பொருள். மிதக்கும் கயிறு நங்கூரத்துக்கு ஆகாது. தளர்ந்த பகுதி மேற்பரப்பில் கிடந்து, கடந்து போகும் படகின் இயந்திர விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

இந்தச் சோதனையை வீடியோ எடுங்கள், விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் சேமியுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும்.