கால் திடீரென்று சில்லிட்டுப் போனால்

கேள்வி: இதயத்துடிப்பு சீராக இல்லாத என் அப்பாவுக்கு, திடீரென்று ஒரு கால் மட்டும் கடுமையாக வலித்துச் சில்லிட்டுவிட்டது. சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். மருத்துவமனையில் இரத்தக்குழாய் அடைப்பு என்று சொல்லி, உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். இதை வீட்டிலேயே கண்டுபிடித்திருக்க முடியுமா? அடைப்பை நீக்கிய பிறகும் கெண்டைக்காலைக் கீறித் திறந்தே வைத்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: சந்தேகப்பட்டிருக்க முடியும். இரண்டு பாதங்களையும் ஒருசேரத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுளுக்கில் கால் சில்லிடாது, வெளுக்காது. அப்பாவுக்கு அடைத்தது தமனி, அதாவது காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரையில் அடைப்பென்றால் பெரும்பாலும் வீங்கிச் சூடாக இருக்கும். பாதத்தின் மேற்புறத்திலும், உள்கணுக்காலுக்குச் சற்றுப் பின்னாலும் நாடி பாருங்கள். சில்லிட்ட காலில் அது பிடிபடவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ்தான்.

வலி குறைந்து கால் மரத்துப்போனால் பலர் நிம்மதி அடைகிறார்கள். அதுதான் ஆபத்து: நரம்பு செயலிழக்கிறது, அடுத்து விரல் அசையாது. தசை சுமார் 6 மணி நேரமே தாக்குப்பிடிக்கும். தைலம், ஒத்தடம் எதுவும் வேண்டாம். மரத்த தோல் சூடு தெரியாமல் வெந்துவிடும். காலை உயர்த்தி வைக்காதீர்கள். சாப்பிடவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

மருத்துவமனையில் டாப்ளர் கருவியால் இரத்த ஓட்டத்தைக் கேட்டுவிட்டு, கொடுக்கக் கூடாத காரணம் ஏதும் இல்லையென்றால், இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் போடுவார்கள்: வழக்கமாக எடையில் கிலோவுக்கு 80 யூனிட், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட். உணர்வும் அசைவும் ஓரளவு இருந்தால் இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் படம் எடுக்கவும், குழாய் வழியே மருந்து செலுத்தி உறைகட்டியை (உறைந்த இரத்தக் கட்டியை) கரைக்கவும் அவகாசம் உண்டு. கால் அசைவு குறைந்துவிட்டால் தாமதிக்காமல் அறுவைதான். தொடை இடுக்கில் தமனியைத் திறந்து, நுனியில் பலூன் உள்ள ஃபோகார்ட்டி கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உறைகட்டியைத் தாண்டிச் செலுத்தி, ஊதி, கட்டியோடு வெளியே இழுப்பார்கள். தசை விறைத்து முழுதும் செத்துவிட்டால் அடைப்பை நீக்குவதே உயிருக்கு ஆபத்து. காலை எடுக்க நேரிடும்.

கீறலுக்கு வருவோம். பட்டினி கிடந்த தசைக்கு இரத்தம் திரும்பியதும் அது வீங்கும். கெண்டைக்காலில் தசைகள் விரிந்துகொடுக்காத 4 உறைகளுக்குள் இருக்கின்றன. வீக்கத்தின் அழுத்தமே மறுபடி ஓட்டத்தை நெரிக்கும். அப்போதும் பாதத்தில் நாடி தெரியலாம் என்பதால் ஏமாந்துபோவது சுலபம். கால் விரலைப் பிடித்து மேலே மடக்கினால் உயிர்போகும் வலி வருவதே முன்னெச்சரிக்கை. அதற்காகத்தான் உறைகளைத் திறந்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் தைப்பார்கள் அல்லது தோல் ஒட்டுவார்கள்.

இரத்தமின்றிச் சேதமடைந்த தசையிலிருந்து வரும் பொட்டாசியம் இதயத்தையும், மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தையும் தாக்கும். சிறுநீர் கருத்து வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

உறைகட்டி பெரும்பாலும் இதயத்தின் மேலறையில் உருவாகி வந்ததாகவே இருக்கும். எனவே இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். பல் பிடுங்கப் போனால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.