வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் போய்விடுமா?

ஐயா, சொத்து வாங்க விற்பவருக்கு ஐந்து லட்சம் முன்பணம் தந்தபின் வங்கிக் கடன் கிடைக்கவில்லை, பணம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி ஏன் கடன் தர மறுத்தது? உங்கள் ஐந்து லட்சம் அதில்தான் தொங்குகிறது. சம்பளம் போதவில்லை என்றால் விற்பவர் கை ஓங்கும். மூலப்பத்திரம் இல்லை, வாரிசு ஒருவர் கையெழுத்திடவில்லை என்று வங்கி வழக்கறிஞர் எழுதியிருந்தால் குறை விற்பவருடையது. அந்தக் கருத்துரையின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கிரய ஒப்பந்தத்தில் அந்தத் தொகைக்கு என்ன பெயர் என்று பாருங்கள். ஒப்பந்தம் நிறைவேறும் என்பதற்கு உறுதியாகத் தந்த பணத்தைத்தான் பறிமுதல் செய்யலாம், விலையின் பகுதியாகத் தந்த முன்பணத்தை அல்ல என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 'அட்வான்ஸ் போனால் போனதுதான்' என்ற தரகர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கமிஷன் கவலை. சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விற்பவருக்கு அஞ்சலில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.