எடை மாறவில்லை, பேன்ட் அளவு மாறிவிட்டது

கேள்வி: வயது 49. டெய்லர் கடை வைத்திருக்கிறேன். 2006-லிருந்து எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். முதலில் ஸ்டாவுடின், அப்புறம் ஜிடோவுடின். 2021-லிருந்து டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, நன்றாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். எடை பத்து வருஷமாக 61 கிலோதான். ஆனால் கடை அளவு நோட்டில் என் கல்யாண பேன்ட் அளவு இருக்கிறது: இடுப்பு 31, தொடை 21. இப்போது இடுப்பு 37, தொடை 17½. கன்னம் ஒட்டிப்போய், காலில் நரம்பு புடைத்துத் தெரிகிறது. வயிறு மட்டும் முன்னால் வருகிறது. மாத்திரையால்தான் இப்படியா? மாரடைப்பு வரும் என்கிறார்களே, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? கொழுப்பு மாத்திரை போட வேண்டுமா? பீடி உண்டு, நாளைக்கு எட்டு. மனைவியும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார்.

பதில்: நிறுத்த வேண்டாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். மாத்திரையை இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் பக்கவிளைவு குறையுமா என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஸ்மார்ட் என்ற ஆய்வில் பார்த்தார்கள். 2006-ல் அதன் முடிவு வந்தது. இடைவெளி விட்டவர்களுக்குத்தான் சாவும் அதிகம், இதயக் கோளாறும் அதிகம். வைரஸ் தலைதூக்கினால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் சும்மா இருக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த அளவு நோட்டுதான். மாதாமாதம் சென்டரில் எடை பார்த்து "61, சரியா இருக்கு" என்று எழுதுகிறார்கள். எடை மெஷினுக்கு என்ன தெரியும்? காலில் கழிந்ததும் வயிற்றில் கூடியதும் கணக்குச் சரியாகிவிட்டது. அதைப் பிடித்துக் கொடுத்தது உங்கள் இன்ச் டேப்.

இதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. கை, கால், கன்னம் வற்றியது ஒன்று. அதற்குப் பழைய மாத்திரைகள்தான் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம். ஸ்டாவுடினும், அதைவிடக் குறைவாக ஜிடோவுடினும், வைரஸைத் தடுக்கப் போன இடத்தில் கொழுப்புச் செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுத்துவிட்டன. செல்கள் சுருங்கின, சில செத்தே போயின. அதற்காக அந்த மாத்திரையைத் திட்டவும் எனக்கு மனமில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்தபோது, தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி உட்பட எல்லா இடத்திலும் மலிவாகக் கைக்கு எட்டிய மருந்து அது. உங்களை இன்று 49 வயதுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் அதற்கும் பங்கு உண்டு.

தொப்பை இன்னொன்று. அதற்கு ஒரே குற்றவாளியைக் கைகாட்ட முடியாது. வயது, உட்கார்ந்தே செய்கிற வேலை, சோறு, வைரஸ் அடங்கிய பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் லேசான அழற்சி, மருந்துகள் என்று எல்லாம் கலந்தது. டோலுடெக்ராவிர் எடை கூட்டுவது உண்மைதான். தென்னாப்பிரிக்காவில் நடந்த அட்வான்ஸ் ஆய்வில், குறிப்பாகப் பெண்களிடம், அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் உங்கள் எடைதான் ஏறவே இல்லையே. எனவே முழுப் பழியையும் அதன் தலையில் போட மாட்டேன்.

தொப்பையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். தொடை மெலிந்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லை, "பார்க்க நல்லா இல்லை" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். இதயத்துக்கு அதுவும் முக்கியம். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஒரு பத்தாயம் மாதிரி. சாப்பிட்டதில் மிஞ்சியதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பத்தாயம் உடைந்தால் நெல் எங்கே போகும்? குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், தசைக்குள்ளும் போய்ச் சேரும். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை ரத்தத்தில் கூடுதலாக ஊற்றுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, சர்க்கரை ஏறுகிறது. ஒல்லியாக இருந்துகொண்டே குண்டானவரின் ரத்தத்தோடு நடமாடுவது இப்படித்தான்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் உங்களுக்கு வயிறும் எட்டு பீடியும். அந்தப் பீடியை நான் தொப்பைக்கும் முன்னால் வைப்பேன். எந்த மாத்திரையை எழுதினாலும் அதன் பலனில் ஒரு பங்கை அது தின்றுவிடும்.

உங்கள் 37-ல் எனக்கு ஒரு சந்தேகம். பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போது தொப்பைக்குக் கீழே, பெல்ட் நிற்கிற இடத்தில்தானே டேப் வைப்பீர்கள்? எங்களுக்கு வேண்டிய இடம் அதற்கு மேலே: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில். சட்டை இல்லாமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். உங்கள் அசல் சுற்றளவு 37-ஐவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது ஏறக்குறைய 35½ இன்ச் எல்லை. 37-ஆகவே இருந்தாலும் தாண்டியாகிவிட்டது.

அடுத்த தடவை ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போய்ச் சர்க்கரையும், முழு கொலஸ்ட்ரால் பரிசோதனையும், பி.பி.யும் கேளுங்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து வயிற்றுக் கொழுப்பை அளக்கத் தேவையில்லை. காசுக்குக் கேடு.

கொழுப்பு மாத்திரை விஷயத்தில் இன்று தெளிவாகப் பேச முடிகிறது. 2023-ல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில் 40 முதல் 75 வயது வரை, இதய ஆபத்து அதிகம் இல்லை என்று கருதப்பட்ட 7,769 பேர் சேர்ந்தார்கள். அனைவரும் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள். இந்தியாவும் அதில் ஒரு நாடு. பாதிப் பேருக்குத் தினமும் 4 மி.கி. பிடாவாஸ்டாடின் (ஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை வகையில் ஒன்று), மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஸ்டாடின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்: ஏறக்குறைய நூறு பேர் ஐந்து வருஷம் சாப்பிட்டால் ஒருவர் தப்பிக்கிறார் என்பதுதான் கணக்கு. சிலருக்குத் தசைவலி வந்தது, சர்க்கரையும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. என்றாலும் 49 வயது, இந்த இடுப்பு, இந்தப் பீடி என்றால் நான் எழுதிக் கொடுப்பேன். எந்த ஸ்டாடின், எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

கடையில் நீங்களாக வாங்கிப் போட மட்டும் வேண்டாம். எச்.ஐ.வி.க்கு லோபினாவிர் அல்லது அடசானாவிரோடு ரிடோனாவிர் எடுப்பவர்கள் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினைத் தொடவே கூடாது. ரத்தத்தில் அதன் அளவு எகிறித் தசை சிதைந்து, சிறுநீரகம் வரை போகும். உங்களுக்கு இப்போது அந்த மருந்துகள் இல்லை. ஆனால் நாளைக்கு மாற்றினால் நினைவிருக்கட்டும். உங்கள் டோலுடெக்ராவிருக்கும் ஒரு விஷயம் உண்டு: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வந்தால் பொதுவாக ஒரு நாளைக்கு 1,000 மி.கி.க்குள் நிறுத்துவோம். இதயத்துக்கு வேறு டாக்டரிடம் போனால் ஏ.ஆர்.டி. நோட்டைக் காட்டுங்கள். மறைத்துவிட்டுப் பிற்பாடு மருந்து மோதி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நிலையை அனுமதியின்றி வெளியே சொல்வதும், அதைக் காட்டி ஒதுக்குவதும் 2017-ஆம் வருஷ எச்.ஐ.வி. சட்டப்படி கூடாது.

தொப்பையை உறிஞ்சி எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. லிப்போசக்ஷன் தோலுக்கு அடியில் உள்ளதைத்தான் எடுக்கும், உங்களுடையது குடலைச் சுற்றி இருக்கிறது. வயிற்றை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு மெல்லியதாக வந்து உள்ளே கெட்டியாக இருந்தால் அதுதான். டெசாமொரெலின் என்று ஊசி ஒன்று அமெரிக்காவில் 2010-ல் அனுமதி பெற்றது. தினமும் போட வேண்டும், நிறுத்தினால் தொப்பை திரும்பி வரும். தினம் வேகமாக அரைமணி நேரம் நடப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சியும் உங்களுக்குப் போதும். கால் கொழுப்பு முழுசாகத் திரும்பாவிட்டாலும் தசையாவது வரும். ஸ்டாவுடினை விட்டவர்களுக்குக் கை காலில் கொஞ்சம் கொழுப்பு மெல்ல மெல்லத் திரும்புகிறது. கன்னம்தான் பிடிவாதம் பிடிக்கும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ போனால் வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மனைவியைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். பெண்களுக்கு எல்லை இன்னும் குறைவு, 80 செ.மீ., உங்கள் கணக்கில் 31½ இன்ச். அவருக்கும் அதே டேப்பால் அளந்து, தேதி போட்டு, உங்கள் அளவுக்குப் பக்கத்திலேயே நோட்டில் எழுதி வையுங்கள்.