சின்ன பாத்ரூமுக்கு டிராபிக்கல் அலங்காரம்: கேள்வி பதில்

ஃபிளாட்டுகளில் பாத்ரூம் பெரும்பாலும் 4-க்கு 7 அடி. கொஞ்சம் தாராளமாகக் கட்டியிருந்தால் 5-க்கு 8. அந்த அளவுக்குள் இலை, மரம், கல், பச்சை நிறம் என்று டிராபிக்கல் தோற்றம் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலி, இலங்கை போன்ற இடங்களில் இந்தப் பாணிக்கு அடிப்படையே திறந்த வெளி. மேலே வானம் இருக்கும், ஈரம் தானாகக் காயும். நம் பாத்ரூமோ நாலு சுவருக்குள் அடைபட்டது. அதனால் காற்றும் வடிகாலும் முதலில், இலையும் மூங்கிலும் அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்.

கேள்வி (மடிப்பாக்கம்): சார், எங்க பாத்ரூம் 4x7. நாலு சுவத்துலயும் இலை டிசைன் டைல்ஸ் போடலாம்னு இருக்கோம். சரியா வருமா?

ஒரு சுவருக்கு மட்டும் போடுங்கள். நாலு பக்கமும் பெரிய இலை வந்தால் அறை இன்னும் சுருங்கித் தெரியும். கதவைத் திறந்ததும் எதிரே கண்ணில் படும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். அது ஷவர் சுவராக இல்லாவிட்டால் ரொம்ப நல்லது, உப்புக்கறை படியாது. மற்ற மூன்று சுவருக்கும் மங்கிய வெள்ளை அல்லது மணல் நிறம் போதும்.

கணக்கு இப்படி: சுவரின் அகலம் 4 அடி, அதாவது 1220 மி.மீ. 300-க்கு 600 டைலைப் படுக்கைவசமாக வைத்தால் ஒரு வரிசைக்கு இரண்டு டைல், 1200 மி.மீ. போய்விடும். மீதி 20 மி.மீ. பக்கத்துச் சுவர் டைலின் கனத்திலும் ஒட்டும் பசையிலும் பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் பக்கச் சுவர்களை முதலில் ஒட்டச் சொல்லுங்கள். உயரத்தில் 7 வரிசை வைத்தால் 2100 மி.மீ., ஏறக்குறைய 7 அடி. ஆக 14 டைல். உடைசலுக்கு 2 சேர்த்து 16. பெட்டிக்கு 5 வந்தால் 4 பெட்டி வாங்குங்கள். மிச்சமாகும் டைலை வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள். பின்னால் குழாய் ரிப்பேருக்கு உடைத்தால் அதே டிசைன் கடையில் கிடைக்காது.

பல டைல் சேர்ந்து ஒரே ஓவியமாக வரும் செட் என்றால், ஒட்டும் முன் தரையில் பரப்பி வரிசையைச் சரிபாருங்கள். பசை போட்ட பிறகு ஒரு இலை தலைகீழாக இருப்பது தெரிந்தால் டைலைக் கழற்றுவது பெரும்பாடு.

கேள்வி (தாம்பரம்): கரும்பச்சை டைல்ஸ் ரொம்ப பிடிச்சிருக்கு. ஆனா எங்களுக்கு போர் தண்ணி, வாளியெல்லாம் வெள்ளை வெள்ளையா படியுது. போடலாமா?

ஷவர் பக்கம் வேண்டாம். போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் அதிகம். சுவரில் தெறித்த துளி காய்ந்ததும் உப்பு அங்கேயே நிற்கும். அடர் நிறத்தில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரியும். கரும்பச்சையை வாஷ்பேசின் பக்கம் வையுங்கள், குளிக்கும் பக்கத்துக்கு சாம்பல் கலந்த வெளிர்பச்சை போடுங்கள். குளித்ததும் கை வைப்பரால் சுவரை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தால் பாதிக் கறை வராது.

படிந்த கறைக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் வரும் 'ஆசிட்' வேண்டவே வேண்டாம். அது டைலுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட் பாயிண்டிங்கை அரித்துவிடும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், பிறகு கீழ்வீட்டு சீலிங்கில் ஒழுகும். பாயிண்டிங்கை வெள்ளையில் போடாமல் சாம்பல் நிறத்தில், குளிக்கும் பகுதிக்காவது எபாக்ஸியில் (இரண்டு பாகம் கலந்து போடும் பிசின்) போடச் சொல்லுங்கள். எபாக்ஸி கறை பிடிக்காது, விலைதான் கூடுதல். ஒட்டிய அன்றே டைல் மேல் படிந்ததைத் துடைக்காவிட்டால் பிறகு சுரண்டக்கூட முடியாது. பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

கேள்வி (கோவை): ஜன்னலே இல்லாத பாத்ரூம். எந்தச் செடி தாங்கும்?

எதுவும் நிரந்தரமாகத் தாங்காது. குறைந்த வெளிச்சச் செடி என்று கடைகளில் சொல்வது வெளிச்சமே வேண்டாம் என்ற அர்த்தத்தில் இல்லை. மத்தியானம் விளக்கைப் போடாமல் செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிந்தால் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட், அக்லோனிமா பிழைக்கும். முடியாவிட்டால் இரண்டு வழி. முதல் வழி, ஒரே மாதிரி மூன்று தொட்டி வைத்துக்கொண்டு, ஒன்று ஒரு வாரம் பாத்ரூமில், மற்ற இரண்டும் பால்கனி நிழலில் என்று சுற்றிவிடுவது. இரண்டாவது, செடிக்கு ஒன்றரை அடி மேலே 12 வாட், 6500 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்) எல்இடி ஒன்றை டைமரில் போட்டுத் தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுவது.

பாத்ரூம் செடி பெரும்பாலும் சாவது தண்ணீர் கூடித்தான். காற்றிலேயே ஈரம் இருப்பதால் மண் காயவே நாளாகும், வேர் அழுகும். செம்மண், ஆற்றுமணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்), மக்கிய உரம் மூன்றும் சம அளவு கலந்தால் தண்ணீர் நிற்காது. கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) குறையுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துச் சின்னச் சின்ன ஈக்களை வரவழைக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஜன்னல் உள்ளவர்களுக்கு பாஸ்டன் ஃபெர்ன் அருமையான தேர்வு. ஆனால் உப்புத் தண்ணீருக்கு இலை நுனி கருகும். மழைநீரோ ஏசியிலிருந்து சொட்டும் நீரோ ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவு நீர் கூடாது, அதில் உப்பு இன்னும் அதிகம்.

வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் மணி பிளான்ட், அக்லோனிமா இரண்டையும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

கேள்வி (மதுரை): பாட்டில் தண்ணில மணி பிளான்ட் வச்சா கொசு வருமா?

வரும்மா. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவு தண்ணீரே தாராளம். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை முழுக் கொசுவாகிவிடும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை பிரஷ்ஷால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி வேர்களையும் அலசுங்கள். வாயைப் பஞ்சால் அடையுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதி.

கேள்வி (ஓசூர்): மூங்கில் வச்சு ஒரு சுவரை மூடலாமா? பூச்சி அரிக்கும்னு பயமுறுத்தறாங்க.

பயம் நியாயமானதுதான். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தின்னும் வண்டு துளைத்து, கீழே மாவு போலக் கொட்டும். பதப்படுத்திய மூங்கிலாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நீங்களே செய்யலாம்: 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் ஆசிட். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த மூங்கிலை இதில் ஒரு வாரம் ஊறவைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பிறகு பியூ (பாலியூரித்தேன்) பூச்சு, அதாவது ஈரம் புகாத மர வார்னிஷ், இரண்டு கோட். வெட்டிய முனைகளில்தான் ஈரம் ஏறும், அங்கே மூன்றாவது கோட்டும் அடியுங்கள்.

சுவரோடு ஒட்ட ஆணி அடிக்காதீர்கள். அரை அங்குல பிவிசி பட்டையைச் சுவரில் பொருத்தி, அதன் மேல் மூங்கிலை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பின்னால் காற்று ஓட வேண்டும். ஷவரிலிருந்து மூன்று அடியாவது தள்ளி, தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலே. பிரம்புக் கூடைக்கும் இதே இடம்தான். கோரைப்பாயை ஜன்னல் திரையாகப் போட விரும்புகிறவர்கள் பாத்ரூமில் மட்டும் போடாதீர்கள். நல்ல பாய் வீணாகக் கறுத்துப்போகும்.

கேள்வி (காரைக்குடி): ஆத்தங்குடி கல் பச்சை, மஞ்சள்ல போட்டா டிராபிக்கலுக்குப் பொருந்தும்ல?

அழகாகப் பொருந்தும், ஆனால் ஈரம் படாத பகுதியில். அது கண்ணாடி மேல் வார்த்துச் செய்யும் சிமென்ட் கல், சூளையில் சுட்டதில்லை. சோப்புத் தண்ணீரை உறிஞ்சும், ஆசிட் பட்டால் பூ வெளுத்துவிடும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும். வாஷ்பேசின் பின்சுவரில் கல்லுக்குள் ஊடுருவி ஈரம் உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூசிப் போடுங்கள். குளிக்குமிடத் தரைக்கு வழுக்காத 1-க்கு 1 அடி மேட் டைல். கடப்பா கல் பலகை வைத்தாலும் ஆசிட் ஆகாது, அது சுண்ணாம்புக்கல் வகை.

கேள்வி (நாகர்கோவில்): ஷவர் தரையில் கூழாங்கல் பதிக்கலாமா? வீட்டில் மாமியாருக்கு 72 வயது.

வேண்டாம். கல் இடுக்குகளில் சோப்பு தங்கிப் பாசி பிடிக்கும், வயதானவர் பாதம் நிலையாக ஊன்றாது. கூழாங்கல் ஆசைக்குச் செடித்தொட்டியின் மேல்மண்ணை மூடப் பயன்படுத்துங்கள். மாமியாருக்காகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் கைப்பிடிக் கம்பி வையுங்கள், கால் தடுக்கும் இடத்தில் தொட்டி வைக்காதீர்கள்.

கேள்வி (வேளச்சேரி): வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது. ஏதாவது வழி?

ஸ்பிரிங் வைத்து இறுகும் கம்பி ஒன்று, அதில் பெரிய இலை அச்சிட்ட ஷவர் திரை. திரையின் கீழ்முனை தரையைத் தொடாமல் ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். தொட்டால் ஓரம் கறுக்கும். ஜன்னல் கிராதியில் எஸ் கொக்கி மாட்டி லேசான பிளாஸ்டிக் தொட்டியில் மணி பிளான்ட். தேக்கு முக்காலி ஒன்று. டைல் மேல் ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் வழவழப்பான டைலில் மட்டும் நிற்கும், சொரசொரப்பில் ஓரம் எழும்பும். காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடாக்கினால் மெதுவாக உரிந்து வரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, எங்கட வளவுக்குள்ள தனியா ஒரு குளியலறை கட்டப் போறம். கூரையில்லாமல் பாதி திறந்த மாதிரிச் செய்யலாமோ?

தாராளமாகச் செய்யுங்கோ. உங்களுக்கு இடம் இருக்கிறது, அதுதான் இந்தப் பாணிக்குச் சரியான வீடு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) தன் கட்டடங்களில் முற்றத்தையும் தோட்டத்தையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது இந்த எண்ணத்தில்தான். மலக்கூடமும் மின் இணைப்பும் கூரையின் கீழே, குளிக்கும் பகுதி மட்டும் திறந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பகுதியின் நீர் முழுதும் உள்ளேதான் விழும். ஆகவே வடிகுழாயை 4 அங்குலத்தில் போட்டு, இலை அடைக்காமல் வலைமூடி வையுங்கோ. மதில் 7 அடி. சுவரோரம் ஒன்றரை அடி அகலத்தில் பாத்தி விட்டு வாழை, கல்வாழை நடலாம். குளிக்கும் தண்ணீர் பாத்திக்குப் போனால் சோப்பு குறைவாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும் சுண்ணாம்புக்கல் நீர்தான், எனவே தாம்பரத்துக்குச் சொன்னது உங்களுக்கும்.

கேள்வி (அண்ணா நகர்): கண்ணாடி ஓரம் கறுத்துப்போகுது, ஏன்?

பின்பக்க வெள்ளிப்பூச்சுக்குள் ஈரம் ஏறுகிறது. கண்ணாடி ஒட்டப் பயன்படுத்தும், புளிப்பு வாசனை அடிக்கும் சிலிகான் பசையும் அந்தப் பூச்சை அரிக்கும். அந்த வாசனை இல்லாத நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்கி, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

கேள்வி (திருச்சி): விளக்கு, எக்ஸாஸ்ட் எது சரி?

விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை, அதாவது இளமஞ்சள் வெளிச்சம். 6500 கெல்வின் வெள்ளையில் மரமும் பச்சையும் வெளிறித் தெரியும். ஷவருக்குப் பக்கத்தில் ஐபி 65 (தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே புகாத) விளக்கு, மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். எக்ஸாஸ்ட் 6 அங்குலமே போதும். கதவுக்கு அடியில் முக்கால் அங்குல இடைவெளி இல்லாவிட்டால் மட்டும் அது வீணாகச் சுற்றும், உள்ளே காற்று வர வழியிருந்தால்தான் வெளியே தள்ள முடியும். குளித்த பிறகு 20 நிமிடம் ஓடட்டும்.

கேள்வி (சேலம்): முழுசா இடிச்சுப் புதுசா பண்றோம். யார் முதல்ல வரணும்?

பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் முதலில். சுவரில் குழாய், வயர் முடிந்து, குழாயை அழுத்தச் சோதனை செய்த பிறகு வாட்டர்ப்ரூஃபிங். தரை முழுக்கவும், சுவரில் ஒரு அடியும், ஷவர் பக்கம் 6 அடியும், இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) சுற்றியும்தான் விரிசல் வரும். அங்கே ஃபைபர் வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டு சீலிங் உலர்ந்திருந்தால்தான் டைல். தரை வாட்டம் அடிக்கு கால் அங்குலத்தின் பாதி, குளிக்கும் இடத்தில் கால் அங்குலம். கொத்தனார் கிளம்பும் முன் ஒரு குவளை தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றி, எல்லாம் டிராப்புக்கு ஓடுகிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள்.