ஃபங்க், சோல் இசையில் உங்களை அதிகம் ஈர்த்த பழைய ஆல்பம் எது? ஏன்?

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்'. 1971 நவம்பரில் வந்தது. முதல் தடவை கேட்டால் பிடிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். ஒலி மங்கலாக இருக்கும், பாடுகிறவர் பாதித் தூக்கத்தில் முனகுவார்.

எனக்குப் பிடித்ததே அந்த மங்கல்தான். கறுப்பர், வெள்ளையர், ஆண்கள், பெண்கள் எல்லாரும் ஒன்றாக இருந்த குழு இது. அன்றைய அமெரிக்காவில் அபூர்வம். 1969-இல் உட்ஸ்டாக் இசை விழாவில் அகால வேளையில் மேடையேறி, கூட்டத்தையே எழுந்து ஆட வைத்தவர்கள். இரண்டு வருடத்தில் குழு குலைய ஆரம்பித்தது. டிரம்மர் கிரெக் எரிக்கோ விலகினார். குழுத் தலைவரும் பாடகருமான ஸ்லை ஸ்டோன் போதையில் மூழ்கிக் கிடந்தார். பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். திரும்பத் திரும்ப ஓட்டி டேப்பே தேய்ந்துபோனது. அந்த இரைச்சல் பாட்டில் அப்படியே தங்கிவிட்டது.

டிரம்மர் இல்லாத இடங்களில் 'மேஸ்ட்ரோ ரிதம் கிங்' என்ற தாளப் பெட்டி. 'ஃபேமிலி அஃபேர்' பாட்டைக் கேளுங்கள். பெட்டி இம்மி பிசகாமல் தட்டிக்கொண்டே போகும். அதன்மேல் பில்லி பிரஸ்டனின் எலக்ட்ரிக் பியானோ, பாபி வோமாக்கின் கிட்டார், ஸ்லையின் அடித்தொண்டைக் குரல் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே நழுவும். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் நம் தலை தானாக ஆட ஆரம்பிக்கும். இந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

அதே வருடம் வந்த, சோல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தைத்தான் பலர் முதலில் சொல்வார்கள். நியாயம்தான், அவ்வளவு அழகு அது. ஆனால் அது நம்மிடம் பேசுகிறது. இது, பக்கத்து அறையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது போல.

ஒரு வேடிக்கை: ஆல்பத்தின் தலைப்புக்குக் 'கலவரம் நடக்கிறது' என்று பொருள். ஆனால் அந்தத் தலைப்புப் பாட்டின் நீளம் 0:00. பாட்டே கிடையாது! கலவரமே இருக்கக் கூடாது என்பதால் அப்படிச் செய்ததாக ஸ்லை பின்னாளில் சொன்னார்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? 'தேங்க் யூ' என்ற அவர்களுடைய பழைய ஹிட்டை முதலில் கேளுங்கள். குழுவின் லாரி கிரஹாம் பேஸ் கிட்டார் தந்திகளைக் கட்டைவிரலால் அடிக்கும் அடி துள்ளும். அப்புறம் உடனே இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதே பாட்டுதான், காலை இழுத்து இழுத்து நடக்கிறது. அதுவும் ஒட்டவில்லை என்றால் 1973-இல் வந்த 'ஃப்ரெஷ்' ஆல்பத்துக்குப் போய்விடுங்கள், ஒலி தெளிவாக இருக்கும்.