அனுமதிச் சோதனையில் மியூடெக்ஸ் எதற்கு?

கேள்வி: வலையமைப்புக் கோப்பு முறைமை ஒன்றின் லினக்ஸ் கெர்னல் மாட்யூலைப் பராமரிக்கிறேன். அனுமதியைச் சோதிக்கும்போது ஐநோடுக்குரிய (கோப்பின் விவரப் பதிவுக்குரிய) மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டைப் பிடித்து, முந்தைய பதில்களைச் சேமித்துள்ள கேஷைப் பார்க்கிறோம். அதில் இல்லையென்றால் பூட்டை விடாமலே சர்வரைக் கேட்கிறோம். சர்வர் திணறினால் அந்த டைரக்டரி வழியே போகும் எல்லாப் புராசஸும் நின்றுவிடுகின்றன. படிக்க, எழுதத் தனித்தனியான பூட்டாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கேஷில் புதுப் பதிவு சேர்க்க எழுதும் பூட்டு வேண்டும். அது காத்து நின்றாலே பின்னால் படிக்க வருபவர்களும் நிற்க நேரும். கோளாறு பூட்டின் வகையில் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு சர்வருக்குப் போவதில் இருக்கிறது.

ஸ்பின்லாக்கை (தூங்காமல் காத்திருக்கும், சிறிது நேரமே பிடிக்கவேண்டிய பூட்டை) பிடித்துக் கேஷைப் பாருங்கள், கூடவே ஐநோடின் தலைமுறை எண்ணை (கேஷைச் செல்லாததாக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டவேண்டிய எண்ணை) குறித்துக்கொண்டு பூட்டை விடுங்கள். பிறகு சர்வரைக் கேளுங்கள். பதில் வந்ததும் மீண்டும் பூட்டி அந்த எண்ணை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால், இடையில் யாரோ கேஷைச் செல்லாததாக்கிவிட்டார்கள்; பதிலை இந்த ஒருமுறைக்குப் பயன்படுத்தலாம், சேமிக்கக் கூடாது. இரண்டு புராசஸ்கள் ஒரே கேள்வியைக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அதைத் தடுக்கப் போய்த்தான் இந்த மியூடெக்ஸ் முளைத்திருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்தது வேகப் பாதை. 2.6.38 முதல் கெர்னல், ஆர்சியூ முறையில் (படிப்பவர் பூட்டாமலே படிக்க, பழைய தரவை அவர்கள் முடித்தபின் விடுவிக்கும் முறை) பூட்டில்லாமல் கோப்புப் பாதையைக் கடக்கிறது. அப்போது ‘மே நாட் பிளாக்’ (காத்து நிற்கக் கூடாது) என்ற கொடியோடு உங்கள் செயற்கூறை அழைக்கும். தூங்காமல் பதில் சொல்ல முடியாவிட்டால் ‘இசைல்ட்’ பிழையைத் திருப்பவேண்டும். (சேய்ப் புராசஸ் இல்லை என்பதற்கான எண் அது, இங்கே இரவல்.) பலர் முதல் வரியிலேயே அதைத் திருப்பிவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் மெதுவான பாதைக்குத் தள்ளப்படுவீர்கள். என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறைமையின் லினக்ஸ் கிளையன்ட் அந்த நேரத்தில் கடைசியாகப் பயன்பட்ட கேஷ் பதிவை மட்டும் பூட்டில்லாமல் பார்க்கிறது. நீங்களும் அவ்வளவு செய்தால் போதும். பதிவுகளை ஆர்சியூ அவகாசம் முடிந்தபின் விடுவிக்க மறக்காதீர்கள்.

கிளையன்டில் மோடு பிட்டுகளை (கோப்போடு வரும் படிக்க, எழுத, இயக்க அனுமதிகளை) வைத்தும் தீர்ப்புச் சொல்கிறீர்கள் என்றால், சர்வர் தன் முடிவைச் சொல்ல வழி இருக்கும் இடத்தில் அதை நீக்கிவிடுங்கள். ரூட் பயனரைச் சர்வர் சாதாரணப் பயனராக மாற்றியிருக்கலாம், ஏசிஎல் (பயனர்வாரியான அனுமதிப் பட்டியல்) இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. 1995இல் என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் ‘ஆக்சஸ்’ அழைப்பு வந்தது இதற்காகத்தான்.

சோதிக்கும்போது லாக்டெப்பை (பூட்டுப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவியை) இயக்கி, சர்வருக்குச் செல்லும் இணைப்பில் இரண்டு வினாடி தாமதம் சேருங்கள். கேஷில் பதிவு உள்ள பயனர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் என இருவராக ஒரே டைரக்டரிக்குள் நுழைந்து பாருங்கள். முதலாமவர் காத்திருந்தால் பூட்டு இன்னும் எங்கோ பிடிபட்டிருக்கிறது.