அபூர்வ சக்தியுள்ள பிள்ளைகளை ஒரு சபை எப்படிக் கண்டுபிடிக்கும்?

கேள்வி: சிறுவர்களுக்காக ஒரு மாயப் புதினம் எழுதுகிறேன். பினாங்கில் நடக்கும் கதை. அபூர்வ சக்தியோடு பிறந்த பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் ரகசியச் சபை ஒன்று வருகிறது. ‘மூத்த குருவின் கனவில் பிள்ளையின் முகம் தெரிந்தது’ என்று எழுதினேன், படித்தவர்கள் நம்பவில்லை. எப்படித் திருத்துவது? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பினாங்கின் மக்கள்தொகை 17 லட்சத்துக்குச் சற்று மேல். சக்தி லட்சத்தில் ஒருவருக்கு என்றால் மாநிலம் முழுக்க 17 பேர். அதில் 5 முதல் 10 வயதுக்குள் ஒருவரோ இருவரோதான். அதற்காக ஜோர்ஜ்டவுனில் கடைவீடு எடுத்துப் பத்துக் குருமார்களுக்குச் சோறு போட்டால் கட்டுப்படியாகாது. பத்தாயிரத்தில் ஒருவர் என்று வையுங்கள். பத்துப் பிள்ளைகளாவது கிடைப்பார்கள்.

அந்தப் பத்துப் பேர் ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகளுக்குள் கலந்து கிடக்கிறார்கள். சபையின் சோதனை நூற்றுக்கு ஒரு முறைதான் தவறும் என்றாலும், சக்தியே இல்லாத ஆயிரம் பேர் தேறிவிடுவார்கள். கனவு, சோதிடம், மாயக்கல் எதை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் பிள்ளைகளைச் சலித்தெடுப்பது இரண்டு கட்டமாக நடக்க வேண்டும்.

முதல் சல்லடை, பிள்ளைகளை அன்றாடம் பார்ப்பவர்கள்: பாலர் பள்ளி ஆசிரியை, தடுப்பூசி போடும் தாதி, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அக்கா. மழையை முன்கூட்டியே அறியும் பிள்ளையா? அது குடை கேட்ட நேரத்தை, வானம் இருட்டுவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். மழை வந்தபின் நினைத்துப் பார்த்தால் பலித்த நாள்கள்தான் ஞாபகம் வரும். எதைத் தேடுகிறோம் என்பது பெற்றோருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மறுநாளே வீட்டில் டியூஷன் தொடங்கிவிடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் குரு பிள்ளையைக் கண்டுகொள்ளும் காட்சியை எழுதக் கை பரபரக்கும். வேண்டாம். பெரியவர்களே அருள் வந்து ஆடும் இடத்தில் ஒரு பிள்ளை நடுங்குவது எதையும் காட்டாது.

இரண்டாம் கட்டத்துக்குத் திபெத்திய மரபில் நல்ல முன்மாதிரி உண்டு. 1937இல் தக்செர் கிராமத்தில், மறைந்த பதின்மூன்றாம் தலாய் லாமாவின் மறுபிறவியைத் தேடிப் போனவர்கள், அவருடைய பொருள்களையும் அதே போன்ற வேறு பொருள்களையும் இரண்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டினார்கள். அவருடையவற்றையே பிள்ளை எடுத்ததாக மரபு சொல்கிறது. உங்கள் சபை இதைக் கடன் வாங்கலாம், ஒரு திருத்தத்தோடு: நீட்டுபவருக்கே விடை தெரியக் கூடாது. ஜெர்மனியில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவரின் உடலசைவைப் பார்த்தே குளம்பு தட்டியது என்று 1907இல் ஒஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். குதிரைக்கே முடிந்தது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடியாதா?

எத்தனை ஜோடி நீட்டுவது? ஐந்து என்றால் குருட்டாம்போக்கில் 32 பேரில் ஒருவர் ஐந்தையும் சரியாக எடுப்பார். ஆயிரம் பேரில் 31 போலிகள். பத்து ஜோடி என்றால் 1024இல் ஒருவர். காய்ச்சலில் வந்த பிள்ளைக்காகப் பத்துக்கு ஒன்பது போதும் என்று குரு மனமிரங்கினால், 1024க்கு 11 பேர் நுழைந்துவிடுவார்கள். சக்தியில்லாமல் உள்ளே வந்த அந்தப் பிள்ளையை நழுவவிடாதீர்கள். கதாநாயகனைவிட அவனிடம்தான் கதை அதிகம்.

கூட்டிப்போவது அடுத்த சிக்கல். ஒட்டோமான் அரசு பால்கன் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஏறத்தாழ நாற்பது வீட்டுக்கு ஒரு பையன் என்று படைக்கும் அரசுப் பணிக்கும் எடுத்தபோது, ஒற்றைப் பிள்ளையையும் மணமானவனையும் விட்டுவைத்தது. உடனே பையன்களுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்தது. உங்கள் பெற்றோர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். அதோடு 2003 முதல் மலேசியாவில் ஆறாண்டு தொடக்கப்பள்ளி கட்டாயம். சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை திடீரென்று காணாமற்போனால் வகுப்பாசிரியர் முதல் வாரமே அழைப்பார். சனிக்கிழமை தேவார வகுப்பு என்ற போர்வை போதும். பிள்ளை வீட்டிலேயே இருக்கும், அம்மாவும் கதையை விட்டுப் போகமாட்டார்.

சக்தி வற்றினால் என்ன செய்வார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். காத்மாண்டுவில் வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரி, பூப்பெய்தியதும் பதவி விட்டு வீடு திரும்புகிறாள். அரசு அவளுக்கு உதவித்தொகை தருகிறது. உங்கள் சபை என்ன தரும், யார் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.